ஒப்பந்தம் அவங்களுக்கு, அரைப்பேர் நமக்கு

பெருந்தோட்டக் கம்பனிகள் ஒப்பந்தத்தைப் பத்திப் பேசும்போது ரொம்ப பக்தியோட பேசுவாங்க. ஒப்பந்தம்னா ஒப்பந்தம், அரசாங்கம் நினைச்ச நேரத்துக்கு அதை மாத்த முடியாது, முதலீட்டாளருக்கு நம்பிக்கை போயிரும், நாட்டில நீதிமன்றம் இருக்கு. 2024இல் 1700 ரூபா நாட்சம்பளத்துக்கு வர்த்தமானி வந்தபோது இதைத்தான் கேட்டோம். சம்பளம் கொடுக்க முடியாத கம்பனிகளின் குத்தகையை ரத்துச் செய்வோம் என்று அரசாங்கம் குரலை உயர்த்தினபோதும் இதையேதான் கேட்டோம். ஆனா 2021இல் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு இதே கம்பனிகள் எழுந்து போனபோது, அந்தப் பக்தியை எங்கேயும் காணோம்.

அரசாங்கம் நல்லது, கம்பனி கெட்டது என்று எழுத நாங்கள் வரவில்லை. இந்த மலையை வைத்து நூற்றைம்பது வருஷமாக ஒப்பந்தம் மேல ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். முகவருக்கும் முதலாளிக்கும், அரசுக்கும் கம்பனிக்கும், கம்பனிக்கும் கம்பனிக்கும். பெரும்பாலானவற்றில் இங்கே வாழ்கிற மனுசர் ஒரு தரப்பே இல்லை. பேர் வருகிற இடத்திலும் கணக்கில் வருகிற ஒரு செலவாகத்தான் வருகிறார்கள். அதனால ஒப்பந்தம் முறியும்போது மேலே இருக்கிறவர்களுக்கு வழக்கு, கீழே இருக்கிறவர்களுக்கு அரைப்பேர். இதை மாத்தாமல் சம்பளத்தில் ஐம்பது ரூபா, நூறு ரூபா கூட்டுவது எல்லாம் அடுத்த தேர்தல் வரைக்கும் தாங்கும் ஒட்டு மருந்து மட்டும்தான்.

துண்டுக் கடதாசியிலிருந்து

நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுபோகிற கங்காணிக்குக் கொடுத்த கடதாசி அது. இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைப் பொறுப்பேற்கும். கடனாளி ஒரு தொழிலாளி. அவர் கடனை வாங்கி விற்கிறது இரண்டு துரைமார். 1921இல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். இரண்டு நிர்வாகங்களுக்கு இடையில் போன அந்தக் கடதாசியில் யாருடைய வாழ்க்கை எழுதியிருந்ததோ, அவர்களைக் கேட்டு எழுதவில்லை.

தோட்டங்களின் மேல்மட்டத்திலும் இதே ஏற்பாடுதான். சொந்தக்காரக் கம்பனி லண்டனில் இருக்கும். நிர்வாகம் பண்ணுகிற ஏஜென்சி ஹவுஸ் கொழும்பில் இருக்கும். சாமான் வாங்க கமிஷன், தேயிலை விற்க கமிஷன், கணக்கு எழுத கட்டணம். தோட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்க விசிட்டிங் ஏஜண்ட் வந்து போவார். சொந்தக்காரர் ஒருவர், நடத்துகிறவர் இன்னொருவர் என்ற இந்தப் பிரிவினை பெருந்தோட்டத்தின் எலும்பிலேயே இருக்கிறது. யாரிடம் போய்க் கேட்டாலும் "அது என் கையில இல்லப்பா" என்று சொல்ல வசதியான ஏற்பாடு.

1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம், 1975இன் திருத்தம் என்று வந்து தோட்டங்கள் அரசுடமையாகின. பிறகு ஜனவசம என்று நாம் சொல்கிற மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. வெள்ளைக்காரத் துரை போய் அரசாங்கத் துரை வந்தார். லயம் அதே லயம்.

1992: முகாமை உங்களுக்கு, நட்டம் எங்களுக்கு

இப்போது நடக்கிற சண்டைக்கு வேர் 1992இல் இருக்கிறது. அரச நிறுவனங்கள் இரண்டும் நட்டத்தில் மூழ்கியிருந்தன. நானூறுக்கும் மேற்பட்ட தோட்டங்களை 22 பிராந்தியக் கம்பனிகளாகப் பிரித்தார்கள். உரிமை அரசிடம். நடத்துகிற பொறுப்பு மட்டும் தனியார் முகாமை முகவர்களுக்கு, 5 வருஷ ஒப்பந்தத்தில். முகவருக்கு வருமானம் இலாபத்தில் ஒரு பங்கு. நட்டம் வந்தால் அது முகவரின் தலையில் இல்லை, கம்பனியின் தலையில், அதாவது அரசின் தலையில்.

இந்த ஏற்பாட்டில் ஒரு தேயிலைச் செடியின் இடம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கிழட்டுச் செடியைப் பிடுங்கி, மண்ணுக்கு ஓய்வு கொடுத்து, புது வீபி கன்று நட்டால் அது ஒழுங்காகப் பலன் கொடுக்க வருஷக்கணக்காகும். 5 வருஷத்தில் வெளியே போகக்கூடிய முகவர் எதுக்கு நடுவார்? இருக்கிற செடியில எவ்வளவு கறக்கலாமோ கறப்பார். அவர் கெட்டவர் என்பதால் இல்லை, ஒப்பந்தம் அப்படி எழுதப்பட்டதால். குறுகிய கால ஒப்பந்தத்தில் முதலீடு வராது என்று பிறகு கண்டுபிடித்து, அந்த 5 வருஷம் முடிவதற்கு முன்னாடியே, 1995இல் திட்டத்தை மாத்தினார்கள். பெரும்பான்மையான 51 வீதப் பங்கு தனியாருக்குப் போனது. காணி 53 வருஷக் குத்தகைக்கு. 1992இலிருந்து கணக்கு, 2045இல் முடிகிறது.

அப்போது 10 வீதப் பங்கு தொழிலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. "நீங்களும் முதலாளிதான்" என்று சொல்லப்பட்ட காலம் அது. அந்தப் பத்திரம் இன்றைக்கு உங்கள் தோட்டத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பங்குச் சந்தை என்றால் என்ன, வருடாந்தப் பொதுக்கூட்டம் எங்கே நடக்கும், அங்கே கையைத் தூக்கிக் கேள்வி கேட்கலாமா என்று ஒருத்தரும் சொல்லித் தராமல் கொடுத்த பத்திரம். அடுப்படிச் செலவுக்கு முன்னால் அது எவ்வளவு நாள் தாங்கும்?

இன்னொரு விஷயம். அரசு எல்லாத்தையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கவில்லை. இந்தக் கம்பனிகளில் திறைசேரிச் செயலாளரின் பெயரில் 'தங்கப் பங்கு' என்று ஒன்று இருக்கிறது. குத்தகைக் காணியைக் கைமாற்ற அந்தப் பங்குக்காரரின் சம்மதம் வேணும். இரண்டு வாரம் முன்னதாக எழுத்தில் அறிவித்தால் கம்பனியின் கணக்குப் புத்தகங்களைப் பரிசீலிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இது நாங்கள் கண்டுபிடித்த இரகசியம் இல்லை, கம்பனிகளின் ஆண்டறிக்கைகளிலேயே அச்சாகியிருக்கிறது. அப்படியிருக்க, கம்பனியால் 1700 கொடுக்க முடியுமா முடியாதா என்று 2024இல் நாடே விவாதித்தபோது, அந்தப் புத்தகங்கள் கம்பனி வாரியாக ஏன் மக்கள் முன்னால் வைக்கப்படவில்லை? குத்தகையை ரத்துச் செய்வேன் என்று மேடையில் மிரட்டுவது சுலபம். கையில் இருக்கிற சாவியால் கதவைத் திறக்கிறதுதான் கஷ்டம் போல.

முகாமைக் கட்டணம் என்ற வரி

பல பெருந்தோட்டக் கம்பனிகளின் கணக்கறிக்கைகளைப் புரட்டினால் 'முகாமைத்துவக் கட்டணம்' என்று ஒரு வரி இருக்கும். தோட்டக் கம்பனி தன்னை நடத்துவதற்காக இன்னொரு கம்பனிக்குக் கொடுக்கிற காசு. அந்த இன்னொரு கம்பனி யார்? பெரும்பாலும் அதே குழுமத்தைச் சேர்ந்த தாய்க் கம்பனி, இல்லாவிட்டால் அதன் பிள்ளை. ஒரு பையிலிருந்து எடுத்து மற்றப் பையில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பைக்கு மட்டும்தான் "எங்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை" என்று சம்பள நிர்ணய சபையில் அழத் தெரியும்.

முகாமைக் கட்டணம் வாங்குவது சட்டவிரோதம் என்று நாங்கள் சொல்லவில்லை. நிர்வாகத்துக்குச் செலவு உண்டு. எங்கள் கேள்வி வரிசையைப் பற்றியது. கட்டணம் செலவாக எழுதப்படுகிறது. சம்பளமும் செலவுதான். வருமானம் குறைகிறபோது எந்தச் செலவு பேரம் பேசப்படுகிறது, எந்தச் செலவு பேசாமல் போய்ச் சேருகிறது? கொழுந்து பறிக்கிற ஆளுக்கு அன்றைய கிலோ குறைந்தால் அரைப்பேர். மலையை முகாமை செய்கிறவருக்கு அரைப்பேர் போட்ட கதையை யாராவது கேட்டிருக்கிறோமா?

கம்பனிகள் கைமாறுவதும் பிரிவதும் வேறு நடக்கிறது. 2017இல் வட்டவளை பிளான்டேஷன்ஸ் இரண்டாகப் பிரிந்து ஹட்டன் பிளான்டேஷன்ஸ் என்று இன்னொரு கம்பனி உருவானது. பங்குதாரருக்கு அறிவித்தல் போகும், கூட்டம் கூடும், வாக்கெடுப்பு நடக்கும். ராத்திரி ஒரு கம்பனியில் படுத்து விடிகாலை இன்னொரு கம்பனியின் பெரட்டுக்குப் போகிற தொழிலாளிக்கு எந்த வாக்கு? அவரது சேவைக்காலமும் சேமலாப நிதியும் புதிய பெயருக்குப் போவதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் தன் உழைப்பு யார் பெயருக்குப் போகிறது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்கிற மரியாதையாவது ஒரு மனுசருக்கு வேண்டாமா?

நம்ம பெயர் இருந்த ஒரே ஒப்பந்தம்

தொழிலாளியின் பெயரால் எழுதப்பட்ட ஒரே ஒப்பந்தம் கூட்டு ஒப்பந்தம். கம்பனிகள் சார்பில் முதலாளிமார் சம்மேளனம் ஒரு பக்கம். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி மறுபக்கம். அதைப் புனிதமாக்க எங்களுக்கு ஆசை இல்லை. 2016இல் 500 அடிப்படையோடு வரவுக் கொடுப்பனவு, உற்பத்திக் கொடுப்பனவு எல்லாம் சேர்த்து 730 ரூபா என்றார்கள். 2018 ஒக்டோபரில் நம்ம இளைஞர்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு காலி முகத்திடலில் கூடி ஆயிரம் ரூபா கேட்டார்கள். 2019 ஜனவரியில் கிடைத்தது 700 அடிப்படை, 50 ரூபா மேலதிகம். அதுவரை இருந்த வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் காணாமல் போயின. அடிப்படை 200 ரூபா கூடியது என்று தலைப்புச் செய்தி. முழு நாள் கொடுப்பனவை எடுத்துப் பார்த்தால் 730க்கும் 750க்கும் இருந்த இடைவெளி 20 ரூபா. கையெழுத்து வைத்த சங்கங்களிடம் இந்தக் கணக்கை இன்னும் கேட்கத்தான் வேணும்.

அப்படிக் குறையுள்ள ஒப்பந்தமாக இருந்தாலும் அது ஒரு ஒப்பந்தம். சம்பளம் மட்டுமில்லை, பிணக்கு வந்தால் எப்படிப் பேசுவது என்பதும் அதில் இருந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 ரூபாவும் 100 ரூபா வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவும் சேர்த்து ஆயிரம் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் இரண்டு காரியம் செய்தன. ஒன்று, மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். இரண்டு, கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். சட்டப்படிதான் விலகினோம், காலம் முடிந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கட்டாயம் இல்லை என்று அவர்களின் சட்டத்தரணி சொல்வார். சரி, ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் ஒப்பந்தம் புனிதம் என்ற வசனத்தை 53 வருஷக் குத்தகைக்கு மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள்? ஒப்பந்தத்தால் உங்களுக்கு வருமானம் என்றால் அது கல்லில் எழுதியது, செலவு என்றால் தண்ணீரில் எழுதியதா?

அதுக்குப் பிறகு மலையில என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 18 கிலோ எடுத்த இடத்தில் 20, அதுக்கும் மேலே என்று பல தோட்டங்களில் அளவு ஏறியது. வேலை நாள் குறைந்தது. அளவு எட்டாதவர்களுக்கு அரைப்பேர், அல்லது எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. முன்னால் இதைப் பற்றிப் பேச ஒரு மேசை இருந்தது. இப்போது ஒவ்வொரு தோட்டத்திலும் தனித்தனியாகத் துரையோடு சண்டை. ஆயிரம் என்ற எண் வர்த்தமானியில் இருந்தது. கைக்கு வந்த எண் வேற.

2024இலும் கதை திரும்ப நடந்தது. மே தினத்தன்று கொட்டகலையில் ஜனாதிபதி 1700 என்று அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. கடைசியில் அடிப்படை 1350இல் வந்து நின்றது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படையை 1550 ஆக்குவதாகவும், வேலைக்கு வருகிற நாளுக்கு அரசு தன் பங்காக 200 ரூபா தருவதாகவும் அறிவித்தார்கள். கூடுகிற ஒவ்வொரு ரூபாவும் நம்ம வீட்டுக்கு வேணும், அதில் மறுப்பே இல்லை. ஆனால் தனியார் கம்பனிக்கு வேலை செய்கிறவரின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பொதுமக்களின் வரிப்பணம் கட்டுகிறது என்றால், அந்தக் கம்பனியின் கணக்கைப் பார்க்கிற உரிமையும் பொதுமக்களுக்கு வந்துவிட்டது.

"கட்டுப்படி ஆகாது" என்பதற்குப் பதில்

கம்பனிகளின் வாதத்தையும் நேராகப் பார்ப்போம். உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலி. கொழும்பு ஏலத்தில் விலையை அவர்கள் தீர்மானிப்பதில்லை. இந்த நாட்டுத் தேயிலையில் பெரும்பகுதியைச் சிறுதோட்டக்காரர்கள்தான் உற்பத்தி செய்கிறார்கள். 2021 இரசாயன உரத் தடை எல்லோரையும் அடித்தது. இவை எல்லாம் உண்மை.

ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வேணும். முகாமைத் திறமையைக் காட்டித்தானே 1992இல் தோட்டங்களை வாங்கினீர்கள்? 5 வருஷம் போதாது, நீண்ட காலம் இருந்தால்தான் மீள்நடுகை செய்யலாம் என்றுதானே 53 வருஷம் கிடைத்தது? அதில் முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம்ம வாசலிலேயே இருக்கிறது. இருந்தும் திம்புள்ள, லிந்துல, அக்கரப்பத்தனைப் பக்கம் நடந்து பாருங்கள், வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை இன்னும் எத்தனை மலையில் நிற்கிறது. கிழட்டுச் செடியில் 20 கிலோ எடுக்கச் சொல்லிவிட்டு, எடுக்க முடியாத பெண்ணின் உற்பத்தித்திறன் குறைவு என்று எழுதுவது என்ன நியாயம்? செடியை நடாதது முகாமையின் தவறு. அரைப்பேர் விழுவது கூடை சுமக்கிறவருக்கு.

அதேநேரம், அப்போ அரசாங்கமே திரும்ப எடுத்து நடத்தட்டும் என்று சொல்கிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ஊழியர் சேமலாப நிதிக்கும் சேவைக்காலப் பணத்துக்கும் வருஷக்கணக்காக அலைந்ததை மறக்க முடியாது. முகாமை செய்கிறவர் யார் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதுதான் பிரச்சினை.

கூரைக்கு யார் பொறுப்பு

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேணும் என்று 2005இலும் 2011இலும் கட்டட ஆராய்ச்சி நிலையம் எச்சரித்திருந்தது. அதுக்குப் பிறகு எழுந்த கேள்வி: யார் அகற்றியிருக்க வேணும்? காணியின் சொந்தக்காரரான அரசா, குத்தகைக்காரரான கம்பனியா, பிரதேச செயலகமா? பொறுப்பு பிரிக்கப்பட்டிருக்கும்போது எச்சரிக்கைக் கடிதமும் கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கும்.

சாதாரண நாளிலும் இதுதான் நிலை. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்து ரோட்டைச் சபை திருத்தக்கூடச் சட்டம் தடையாக இருந்தது. வாக்கு மட்டும் சபைக்கு, ரோடு கம்பனிக்கு. வீடு கட்ட ஏழு பேர்ச் வேணும் என்றால் கம்பனி காணியை விடுவிக்க வேணும். கூரைத் தகரத்துக்குத் துரையிடம், முகவரிக்குத் தபால்காரரிடம், உறுதிப்பத்திரத்துக்கு அமைச்சரிடம் நிற்கிறோம். 1823இலிருந்து கணக்குப் போட்டு 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். இருநூறு வருஷம் இருந்தவருக்குக் காணி இல்லை, 53 வருஷம் எழுதி வாங்கினவருக்குக் காணி இருக்கிறது.

நாங்கள் கேட்பது

"ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் அதை வைத்து வழக்குப் போட முடியாது" என்று ஒரு பொது விளக்கம் சொல்வார்கள். ஆனால் நம்ம நாட்டின் ஒப்பந்தச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்தது. மூன்றாம் தரப்பின் நன்மைக்காக ஒப்பந்தம் எழுதவும், அந்த மூன்றாம் தரப்பு அதை ஏற்று உரிமை கோரவும் அதில் இடம் உண்டு. ஆக, வழி இல்லாமல் இல்லை. எழுத மனமில்லை.

எனவே எழுதச் சொல்கிறோம்.

குத்தகை ஒப்பந்தங்களும் முகாமை ஒப்பந்தங்களும் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு ஒவ்வொரு தோட்டத்திலும் பெரட்டுக் களத்தில் ஒட்டப்பட வேணும். கூட்டு ஒப்பந்தம் திரும்ப வர வேணும், ஆனால் கையெழுத்துக்கு முன்னால் அதன் வரைவு தோட்டத்துக்கு வர வேணும், வாக்கெடுப்பும் நடக்க வேணும். சட்டப்படியான சம்பளமும் சேமலாப நிதியும் நிலுவை இல்லாமல் கட்டிய பிறகுதான் முகாமைக் கட்டணம் எடுக்கலாம் என்று குத்தகையில் ஒரு பிரிவு சேர வேணும். அதை மீறினால் தொழிலாளர் நேரடியாக நீதிமன்றம் போக முடிய வேணும். திறைசேரி தன் தங்கப் பங்கின் உரிமையைப் பயன்படுத்திக் கணக்கைத் திறந்து, கண்டதை வெளியிட வேணும். எல்லாவற்றுக்கும் முதலில், நாம் வாழ்கிற லயமும் வீட்டுத் தோட்டமும் கோயிலும் சுடலையும் விளையாட்டு மைதானமும் 2045 வரை காத்திருக்காமல் குத்தகையிலிருந்து பிரித்தெடுக்கப்பட வேணும்.

2045 தூரத்தில் இல்லை. அப்போது எங்களுக்கு நாற்பது வயசு தாண்டியிருக்கும். அந்தப் புதுக் குத்தகையின் வரைவை எழுத இன்றைக்கே யாரோ கொழும்பில் யோசிக்க ஆரம்பித்திருப்பார்கள். திம்புள்ள என்ற பேரை பெட்டியில் அச்சடித்து உலகமெல்லாம் விற்கிறவர்கள் அந்த மேசையில் நிச்சயம் இருப்பார்கள். திம்புள்ளையில் வாழ்கிறவர்களுக்கு அந்த மேசையில் கதிரை போடவில்லை என்றால், நின்றுகொண்டே பேசுவோம். ஆனா இந்தத் தடவை நம்மைக் கேட்காமல் கையெழுத்து விழ விடமாட்டோம்.